உதவித்தொகை, கட்டண ரசீது, கல்விக் கடன், பிள்ளை பெயரில் சேமிப்பு: வருமான வரியில் எது எங்கே வரும்?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் உள்ளவர்கள் இரண்டு காகிதங்களோடு என் வீட்டுக்கு வருவார்கள். ஒன்று கல்லூரிக் கட்டண ரசீது. இன்னொன்று, வருடச் சம்பளமும் அதில் பிடித்த வரியும் காட்டி அலுவலகத்தில் கொடுத்த படிவம் 16. இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு, "இதுல எவ்வளவு கழிக்கலாம்?" என்பார்கள். ஒரு கல்லூரியின் கட்டணப் பிரிவில் பல வருடம் ரசீது போட்டவள் நான். அதனால்தான் என்னிடம் வருகிறார்கள்.

தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் பெயரைப் பார்க்கச் சொல்வேன். பணம் யார் கணக்கில் வந்தது? கட்டணம் யார் கணக்கிலிருந்து போனது? கடன் பத்திரத்தில் கையெழுத்து யாருடையது? வெளிநாட்டுக்கு அனுப்பியபோது கொடுத்தது யார் பான் எண்? படிப்புச் செலவைப் பொறுத்தவரை வரிச் சட்டம் முக்கால்வாசி நேரம் இதைத்தான் கேட்கிறது. இது தெளிவானால் மீதி தானாக இடத்தில் உட்கார்ந்துவிடும்.

ஆண்டையும் சொல்லிவிடுகிறேன். கீழே வரும் கணக்குகள் 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு, அதாவது 2026 ஜூலை 31-க்குள் சம்பளக்காரர்கள் தாக்கல் செய்யும் கணக்குக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. சேமிப்புக்கும் கட்டணத்துக்கும் கழிவு தரும் பழைய 80சி இப்போது 123. ஆனால் 2025-26 வருமானத்துக்குப் பழைய சட்டமும் பழைய எண்களும்தான். எல்லோர் வாயிலும் பழகிய எண்களும் அவைதான் என்பதால் அவற்றையே எழுதுகிறேன்.

முதலில் உதவித்தொகை

பயப்படத் தேவையில்லாத பகுதி இது. படிப்புச் செலவுக்காகத் தரப்படும் உதவித்தொகைக்கு பிரிவு 10(16)-இன்படி வரி கிடையாது. இவ்வளவுக்கு மேல் போனால் வரி என்ற உச்சவரம்பு அதில் இல்லை. அரசு கொடுத்ததா, அறக்கட்டளை கொடுத்ததா, தனியார் நிறுவனம் கொடுத்ததா என்ற பாகுபாடும் இல்லை. பழைய வரிமுறை, புதிய வரிமுறை இரண்டிலும் இந்த விலக்கு உண்டு.

ஆக, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் மாணவிக்கும், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை வாங்கும் மாணவனுக்கும் அது வரிக்குரிய வருமானம் இல்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகள் தரும் உதவித்தொகைக்கும் அப்படியே. முதல் பட்டதாரிச் சலுகை கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே பணம் கையில் வருவதில்லை, கட்டணமே குறைகிறது. அதனால் அது வருமானம் என்ற கணக்கிலேயே வராது. ஆனால் குறைத்த கட்டணத்தைத் தகப்பனார் "நான் கட்டினேன்" என்று கழிவு கேட்க முடியாது. கட்டியது எவ்வளவோ அவ்வளவுதான்.

சிக்கல் தொடங்குவது "ஸ்டைபண்ட்" என்ற சொல்லில். காகிதத்தில் ஸ்டைபண்ட் என்றோ ஃபெலோஷிப் என்றோ போட்டிருப்பது முடிவு செய்யாது. அந்தப் பணம் படிக்க உதவியா, செய்த வேலைக்குக் கூலியா என்பதுதான் கேள்வி. முனைவர் பட்ட ஆய்வுக்காக வரும் யுஜிசி ஜேஆர்எஃப் (பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை) படிப்பு உதவி, வரி இல்லை. கல்லூரி மூன்றாம் ஆண்டில் ஒரு நிறுவனத்தில் ஆறு மாதம் வேலை செய்து வாங்கும் தொகை, அவர்கள் எந்தப் பெயரில் தந்தாலும் வேலைக்கான பணம், அது வருமானம். ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் பணியாளராக நியமித்து மாதச் சம்பளம் தந்தால் அதுவும் வருமானமே. மருத்துவமனை வார்டில் பணிபுரியும் முதுநிலை மருத்துவ மாணவர்களின் தொகை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நிர்வாகம் அதைச் சம்பளமாகக் காட்டி வரி பிடித்திருந்தால், 10(16) என்று போடுவதற்கு முன் நியமனக் கடிதத்தோடு ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

இங்கே ஒரு பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும். ஜேஆர்எஃப் வாங்கி ஆய்வு செய்துகொண்டிருந்தாள். மாதம் 37,000 ரூபாய். அவள் படித்த நிறுவனம் மாதாமாதம் 3,700 ரூபாயை டிடிஎஸ் (முன்கூட்டிப் பிடிக்கும் வரி) என்று பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கணக்கில் போட்டது. ஒரு வருடத்தில் 44,400 ரூபாய். அவளோ, "எனக்குத்தான் வரி கட்டுற அளவுக்கு வருமானம் இல்லையே, எதுக்குத் தாக்கல் செய்யணும்?" என்று இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டாள். பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஐ இறக்கிக் காட்டியபோதுதான் அவள் பான் எண்ணில் அந்தப் பணமெல்லாம் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்தாள். தாக்கல் செய்திருந்தால் முழுவதும் திரும்பியிருக்கும்.

உதவித்தொகை வாங்கும் பிள்ளைகள் வருடத்துக்கு ஒருமுறையாவது வருமான வரித் தளத்தில் நுழைந்து 26ஏஎஸ், ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல் அறிக்கை) இரண்டையும் பாருங்கள். டிடிஎஸ் பிடித்திருந்தால் முதல் வேலை, உதவித்தொகை ஆணையின் நகலோடு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு எழுதி, இனிப் பிடிக்க வேண்டாம் என்று கேட்பது. அடுத்தது, பிடித்த ஆண்டுக்குக் கணக்குத் தாக்கல் செய்து, விலக்குள்ள வருமானம் என்ற பகுதியில் பிரிவு 10(16)-ஐத் தேர்ந்தெடுத்துத் தொகையைப் போட்டு, பிடித்த வரியைத் திருப்பிக் கேட்பது. ஜூலை 31-ஐத் தவறவிட்டால் தாமதக் கணக்கை டிசம்பர் 31 வரை போடலாம். அதற்கு அப்புறம் போடும் புதுப்பித்த கணக்கில் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக மனு போட வேண்டும், அது நீண்ட அலைச்சல். அந்தப் பெண் அப்படித்தான் அலைந்தாள்.

பழைய முறையா, புதிய முறையா?

இனி வருவது பெற்றோருக்கு. கல்லூரிக் கட்டணம், கல்விக் கடன் வட்டி, சேமிப்பு ஆகியவற்றுக்கான கழிவுகள் எல்லாம் பழைய வரிமுறையில்தான். புதிய முறையில் 80சி இல்லை, கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு தரும் 80இ-யும் இல்லை. தாமாகத் தேர்ந்தெடுக்காதவர்களுக்குப் புதிய முறைதான் பொருந்தும். அதனால் ரசீதுகளைக் கூட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

2025-26-இல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரிக்குரிய வருமானம் உள்ளவருக்கு, 60,000 ரூபாய் வரையிலான தள்ளுபடியால் வரி இல்லாமல் போகிறது. சம்பளக்காரருக்கு ரசீது எதுவும் இல்லாமலே 75,000 நிலைக்கழிவும் உண்டு. ஆக 12 லட்சத்து 75 ஆயிரம் சம்பளம் வரை, வேறு வருமானம் இல்லாதவருக்கு வரியே வராது. இவர்களுக்குக் கட்டண ரசீதால் எந்தப் பயனும் இல்லை. 11 லட்சம் சம்பளக்காரர் ஒருவர் ஆசையாக ரசீதுகளைச் சேர்த்துப் பழைய முறையில் போனார் என்று வையுங்கள். 50,000 நிலைக்கழிவு, 80சி-யில் முழு 1,50,000, கடன் வட்டி 90,000 எல்லாம் போக 8,10,000 நிற்கும். அதற்கு வரி 74,500, வரிமேல் வரியான செஸ் சேர்த்து 77,480 ரூபாய். புதிய முறையில் பூஜ்யம்.

18 லட்சம் சம்பளத்துக்குப் பார்ப்போம். புதிய முறையில் 17,25,000-க்கு செஸ் சேர்த்து 1,50,800 ரூபாய். பழைய முறையில் நிலைக்கழிவு, 80சி 1,50,000, பெரிய கல்விக் கடனுக்கான வட்டி 3,00,000 எல்லாம் போய் 13 லட்சம், வரி 2,10,600. இப்போதும் புதிய முறையே மேல்! அதே ஆள் வாடகை வீட்டில் இருந்து, எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) விலக்கு 2,40,000-மும் மருத்துவக் காப்பீடு 25,000-மும் சேர்ந்தால் 10,35,000-க்கு இறங்கி வரி 1,27,920 ஆகிறது. அப்போதுதான் பழைய முறை ஜெயிக்கிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மார்ச் மாதத்தில் "பிள்ளை படிப்புக்கு, வரியும் மிச்சம்" என்று சொல்லிப் பாலிசி விற்க வருகிறவர்கள் உங்கள் வரிமுறை எது என்று கேட்பதில்லை. புதிய முறையில் இருக்கும் ஒருவருக்கு அந்த பிரீமியத்தால் ஒரு ரூபாய் வரிகூடக் குறையாது. மிச்சமாகும் என்று நம்பி இருபது வருடம் கட்ட ஒப்புக்கொண்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும். கணக்குப் போட்டுவிட்டு கையெழுத்துப் போடுங்கள்.

அலுவலகத்தில் ஏப்ரல் மாதத்தில் ஒரு முறையைச் சொல்லிவிட்டோமே என்று கவலை வேண்டாம். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் தாக்கல் செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமானால் புதிய முறைதான்.

கட்டண ரசீதை வரி வரியாகப் படியுங்கள்

பழைய முறை உங்களுக்கு லாபம் என்று தெரிந்துவிட்டதா? சரி, ரசீதை எடுங்கள். நான் போட்ட ரசீதுகளைப் போன்ற ஒன்றை இங்கே பிரித்துக் காட்டுகிறேன். மொத்தம் 1,42,000 ரூபாய். அதில் கற்பிப்புக் கட்டணம், அதாவது டியூஷன் ஃபீஸ், 68,000. ஆய்வகம் 6,000. தேர்வு 3,000. பேருந்து 30,000. வளர்ச்சி நிதி 25,000. திருப்பித் தரும் வைப்புத்தொகை 10,000. பெரும்பாலானவர்கள் அடியில் இருக்கும் 1,42,000-ஐப் பார்த்து அப்படியே எழுதிவிடுகிறார்கள். 80சி அனுமதிப்பது 68,000 மட்டும். வளர்ச்சி நிதியும் நன்கொடையும் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பேருந்து, விடுதி, மெஸ் எதுவும் கற்பிப்புக் கட்டணம் ஆகாது.

சில கல்லூரிகள் எல்லாவற்றையும் ஒரே வரியில் "கல்லூரிக் கட்டணம்" என்று போட்டுத் தருவார்கள். அப்படி வந்தால் விடாதீர்கள். அலுவலகத்தில் பிரித்துக் காட்டும் சான்று ஒன்று கேளுங்கள். அதைக் கொடுக்க அவர்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

இன்னும் சில விதிகள். கல்வி நிறுவனம் இந்தியாவில் இருக்க வேண்டும். முழுநேரப் படிப்பாக இருக்க வேண்டும். அஞ்சல் வழிப் படிப்பும், மாலையில் போகும் நீட் பயிற்சி மையமும் இதில் சேராது. பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும்தான், மனைவி எம்.எட். படித்தாலோ நீங்களே மேற்படிப்புப் படித்தாலோ இந்தக் கழிவு இல்லை. ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் என்பது வரம்பு. வரம்பு குடும்பத்துக்கு இல்லை, ஆளுக்கு. மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அப்பா இருவருக்கும் அம்மா ஒருவருக்கும் கட்டி, அவரவர் கணக்கில் காட்டலாம். அம்மா காட்ட வேண்டுமென்றால் பணம் அம்மாவின் கணக்கிலிருந்து போயிருக்க வேண்டும். கட்டிய தேதிதான் கணக்கு: ஜூனில் தொடங்கும் பருவத்துக்கு மார்ச் 28-ஆம் தேதியே கட்டியிருந்தால் அது முடியப்போகும் நிதியாண்டில் சேரும்.

80சி-யின் 1,50,000 ரூபாய்க்குள் பிஎஃப், ஆயுள் காப்பீடு, வீட்டுக் கடனின் அசல் எல்லாம் அடங்குகின்றன. பிஎஃப் பிடித்தத்திலேயே அது நிரம்பிவிட்டவர்களுக்குக் கட்டண ரசீது தேவைப்படாது. படிவம் 16-ஐ முதலில் பாருங்கள்.

கல்விக் கடன்

80இ தனியாக நிற்கிறது. 80சி-யின் 1,50,000-க்குள் இது வராது, உச்சவரம்பும் இல்லை. ஆனால் கழிவு வட்டிக்கு மட்டும், அசலுக்கு இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் படிக்கும் எந்தப் படிப்புக்கும் உண்டு, வெளிநாட்டுப் படிப்புக்கும் உண்டு. கடன் வங்கியிடமோ, அறிவிக்கப்பட்ட நிதி நிறுவனத்திடமோ, அங்கீகரிக்கப்பட்ட அறநிறுவனத்திடமோ வாங்கியதாக இருக்க வேண்டும். ஊர்ச் சீட்டு எடுத்தோ, தெரிந்தவரிடம் கைமாற்று வாங்கியோ கட்டும் வட்டிக்கு இது பொருந்தாது. நகைக் கடனும் தனிநபர் கடனும் படிப்புக்கே செலவானாலும், உயர்கல்விக்கான கடன் என்று பத்திரத்தில் இல்லாவிட்டால் நிரூபிப்பது கஷ்டம்.

யாருக்காக வாங்கிய கடன் என்பது அடுத்த கேள்வி. தனக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, சட்டப்படி பாதுகாவலராக இருக்கும் மாணவருக்கு. இந்தப் பட்டியலில் தம்பி, தங்கை இல்லை. நம் வீடுகளில் அண்ணன் வேலைக்குப் போய்த் தங்கை படிப்புக்குக் கடன் வாங்குவது எவ்வளவு சாதாரணம்! அவன் கட்டும் வட்டிக்கு அவனுக்குக் கழிவு கிடையாது. அப்பாவும் மகளும் கடன்காரர்களாகக் கையெழுத்திட்டிருந்தால் அவர்களில் வட்டி கட்டுபவர் கழிவு கேட்கலாம். அதனால் கடனுக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே, வரும் வருடங்களில் யார் கட்டப்போகிறோம், அவருக்கு வரிக்குரிய வருமானம் இருக்குமா என்று பேசிவிட்டு அவர் பெயரைப் பத்திரத்தில் சேர்த்துவிடுங்கள். பிறகு சேர்ப்பது லேசான வேலை இல்லை.

எட்டு வருடக் கெடுவும் உண்டு. முதன்முதலில் வட்டி கட்டும் ஆண்டும் அதையடுத்த ஏழு ஆண்டுகளும்தான் கழிவு. 2022-இல் கடன் வாங்கி, படிக்கும்போதே அப்பா வட்டி கட்டத் தொடங்கினால் 2029-30-உடன் கழிவு முடியும். படிப்பு முடிந்து, தவணை தொடங்கும் 2027-28-இல் முதல் வட்டி கட்டினால் 2034-35 வரை ஓடும். இதைக் கேட்டவுடன், "அப்போ படிக்கும்போது வட்டி கட்டாம விட்டுடலாமா?" என்கிறார்கள். வரிக்காக மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். படிப்புக் காலத்திலேயே வட்டி கட்டிவந்தால் பல பொதுத்துறை வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் குறைக்கின்றன. கட்டாத வட்டி பின்னால் தவணையோடு சேர்ந்து பாரமாகவும் வரும். புதிய முறையில் இருக்கும் அப்பாவுக்கு இந்த எட்டு வருடக் கணக்கே தேவையில்லை.

அரசின் வட்டி மானியம் கிடைத்திருந்தால் அந்த வட்டியை நீங்கள் கட்டவில்லை. அதற்குக் கழிவு இல்லை. வருட முடிவில் வங்கியிடம் வட்டிச் சான்று கேட்டு வாங்குங்கள். அசலும் வட்டியும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

பிள்ளை பெயரில் சேமிப்பு

பிள்ளை பெயரில் வைப்புநிதி போட்டால் வரி வராது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையின் வட்டி வருமானம், அப்பா அம்மா இருவரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் வருமானத்தோடு சேரும். பழைய முறையில் ஒரு பிள்ளைக்கு வருடம் 1,500 ரூபாய் விலக்கு உண்டு. புதிய முறையில் அதுவும் இல்லை. பிள்ளை தன் திறமையால் சம்பாதித்தது, பாட்டுப் போட்டியில் வாங்கிய பரிசுப் பணம் போன்றவை, அவர்களுடைய வருமானமாகவே இருக்கும். அதை வைப்பில் போட்டால் வரும் வட்டி மட்டும் பெற்றோர் கணக்கில் சேரும்.

இதனால்தான் பெண் குழந்தை உள்ள வீட்டுக்கு நான் முதலில் சொல்வது செல்வமகள் சேமிப்புத் திட்டம். 2015-இல் தொடங்கியது. பத்து வயதுக்குள் அஞ்சலகத்திலோ வங்கியிலோ கணக்குத் தொடங்க வேண்டும். வருடத்துக்குக் குறைந்தது 250, அதிகம் 1,50,000 ரூபாய். பதினைந்து வருடம் கட்டுவது, இருபத்தோராவது வருடத்தில் முதிர்வது. 2024 ஜனவரியிலிருந்து 2025-26 முழுவதும் வட்டி 8.2 சதவீதம், காலாண்டுக்கு ஒருமுறை அரசு மறுபரிசீலனை செய்யும். போடும் பணத்துக்கு 80சி கழிவு பழைய முறையில் மட்டும். ஆனால் வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் எந்த முறையிலும் வரி இல்லை. புதிய முறைக்குப் போனதும் கழிவு போய்விட்டதே என்று இதை நிறுத்திவிட்டவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தாதீர்கள், வரியில்லாத வட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கல்லூரிக்குப் பணம் வேண்டுமென்றால் பெண்ணுக்குப் பதினெட்டு வயதானதும் அல்லது பத்தாம் வகுப்பு தேறியதும், முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதி வரை எடுக்கலாம். சேர்க்கைக் கடிதமோ கட்டணச் சீட்டோ காட்ட வேண்டும். அதில் உள்ள தொகைக்கு மேல் தரமாட்டார்கள். ஒரே தடவையாகவும் எடுக்கலாம், வருடத்துக்கு ஒருமுறை என்று ஐந்து வருடம் வரை பிரித்தும் எடுக்கலாம். நான்கு வருடப் படிப்புக்கு இந்த இரண்டாவது வழி நன்றாகப் பொருந்தும்.

ஆண் குழந்தைக்கு பிபிஎஃப் (பொது வருங்கால வைப்புநிதி) தொடங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் கணக்கும் பிள்ளை கணக்கும் சேர்ந்துதான் வருடம் 1,50,000. இரண்டிலும் தனித்தனியாக 1,50,000 போட முடியாது.

மியூச்சுவல் ஃபண்டில் சேர்த்தவர்கள், பங்குசார் ஃபண்டை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் கிடைக்கும் லாபத்தில் முதல் 1,25,000 ரூபாய்க்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். இந்த லாபத்துக்குப் புதிய முறையின் 12 லட்சத் தள்ளுபடி உதவாது. ஜூனில் கட்டணம் கட்ட வேண்டும் என்று முன்பே தெரியுமே; பாதியை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் விற்றால் இரண்டு வருடத்து விலக்கும் கிடைக்கும். பிள்ளை பெயரில் ஃபண்ட் இருந்தால், பதினெட்டு வயது முடிந்ததும் மேஜர் என்று மாற்றி, கேஒய்சி முடிக்கும் வரை அந்தக் கணக்கில் பணம் எடுக்க முடியாது. சேர்க்கை நேரமும் அதே நேரம்தான். பிறந்தநாளுக்கு முன்பே காகிதங்களைத் தயார் செய்துவிடுங்கள்.

நகை விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த நகையை விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி வரலாம், பணம் கல்லூரிக்கே போனாலும். அடகு வைத்தால் அது விற்பனை இல்லை, வரி இல்லை.

சொந்தக்காரர் தரும் பணம்

தாய்மாமா கல்லூரிக் கட்டணத்துக்கு மூன்று லட்சம் தந்தால் வரி உண்டா? இல்லை. தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை, பெரியம்மா, உடன்பிறந்த அண்ணன் ஆகியோர் சட்டப்படி உறவினர்கள். அவர்கள் தருவதற்கு வரம்பு கிடையாது. ஆனால் மாமா மகனோ பெரியப்பா மகனோ அந்தப் பட்டியலில் இல்லை. நமக்கு அண்ணன்தான், சட்டத்துக்கு வெளியாள். வெளியாட்களிடமிருந்து வருடத்தில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் மாணவரின் வருமானம். பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாக வந்தால் அந்தப் பேச்சே இல்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு பிள்ளைக்குப் பெரிய தொகை திரட்டுவதாக இருந்தால், தனித்தனியாக அவன் கணக்கில் போடுவதைவிட அறக்கட்டளை வழியாக, உதவித்தொகைக் கடிதத்தோடு தருவது நல்லது.

பதினெட்டு தாண்டிய மகளுக்கு அப்பா பணம் கொடுத்து அவள் பெயரில் வைப்பு வைத்தால், அதன் வட்டி அவளுடைய வருமானம்தான், அப்பாவோடு சேராது. அவளுக்கு வேறு வருமானம் இல்லையென்றால் வரியும் வராது. கல்லூரிக் காலத்தில் இது ஒழுங்கான, நேர்மையான வழி.

வெளிநாட்டுப் படிப்பு என்றால்

ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் பணம்) இல்லை. அதற்கு மேல் சொந்தப் பணத்தில் படிப்புக்கு அனுப்பினால் 2025-26-இல் 5 சதவீதம் பிடித்தார்கள். 2026 ஏப்ரல் முதல் அது 2 சதவீதம். வங்கி போன்ற குறிப்பிட்ட நிதி நிறுவனங்களின் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் 2025 ஏப்ரலிலிருந்தே டிசிஎஸ் கிடையாது. வங்கியில் படிவம் நிரப்பும்போது நோக்கம் கல்வி என்று சரியாகப் போடுங்கள். வேறு நோக்கம் என்று போனால் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள்.

டிசிஎஸ் தனி வரி இல்லை, முன்கூட்டிப் பிடித்த பணம். யார் பான் எண்ணில் அனுப்பினாரோ அவர் தன் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் அல்லது திருப்பி வாங்கலாம். சம்பளக்காரர் படிவம் 12பிஏஏ-வை அலுவலகத்தில் கொடுத்தால், மாதச் சம்பளத்தில் பிடிக்கும் வரியைக் குறைத்துக்கொள்வார்கள். வருமானமே இல்லாத பாட்டியின் கணக்கிலிருந்து அனுப்பினால் அவர் தாக்கல் செய்தால்தான் பணம் திரும்பும். அனுப்பும் முன் இதை யோசியுங்கள்.

தாக்கல் செய்யும் நாளில்

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: உதவித்தொகை ஆணை, பிரித்துக் காட்டிய கட்டண ரசீது, வங்கியின் வட்டிச் சான்று, பணம் போன வங்கிக் கணக்கின் அறிக்கை, 26ஏஎஸ், ஏஐஎஸ். இவற்றைக் கணக்கோடு இணைக்க வேண்டியதில்லை. துறை கேட்டால் காட்ட வேண்டும். 80இ கேட்கும்போது கடன் தந்த வங்கி, கடன் கணக்கு எண், அனுமதித்த தேதி, மொத்தத் தொகை, மீதி நிலுவை எல்லாவற்றையும் படிவம் கேட்கிறது. சும்மா ஒரு எண்ணைப் போட்டுவிட்டுப் போக முடியாது.

முதன்முதலாகத் தாக்கல் செய்யும் மாணவருக்கு மூன்று இடங்களில் தடுக்கும். சிறுவயதில் எடுத்த பான் அட்டையில் படமும் கையெழுத்தும் இருக்காது. பதினெட்டு வயதானதும் மாற்ற விண்ணப்பியுங்கள். திரும்ப வரும் பணம் சேர வேண்டிய வங்கிக் கணக்கில் உள்ள பெயர் பான் பெயரோடு ஒத்திருக்க வேண்டும், தளத்தில் அதை முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். மூன்றாவது, ஆதாரில் பதிந்த கைபேசி எண். பல பிள்ளைகளுக்கு அது அப்பாவின் பழைய எண்ணாக இருக்கும், அந்த சிம் எப்போதோ செத்திருக்கும். ஓடிபி வராமல் கணக்கைச் சரிபார்க்க முடியாமல் நிற்பார்கள். தாக்கல் செய்த முப்பது நாளுக்குள் சரிபார்க்காவிட்டால் தாக்கல் செய்யாததற்குச் சமம். ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றும் வேலையை மே மாதமே முடித்துவிடுங்கள்.